காஸ்ப்ளே கவசத்தில் பெயின்ட் உரியாமல் இருக்க

ரசிகர் மாநாட்டுக்குப் பிடித்த கதாபாத்திரமாக வேடமிட்டுப் போக (அதுதான் காஸ்ப்ளே), ஈ.வி.ஏ. ஃபோம் என்ற லேசான நுரை ஷீட்டில் கவசம் செய்கிறீர்களா? தொழிலாகச் செய்தாலும் ஆசைக்குச் செய்தாலும், பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன், சூடான காற்றை வீசும் ஹீட் கன்னை எடுங்கள்.

ஃபோம் ஷீட்டின் மேற்பரப்பு முழுவதும் நுண்துளைகள். அப்படியே பூசினால் பெயின்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். நிறமும் திட்டுத்திட்டாகத் தெரியும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல், இஸ்திரி போடுவதுபோல் நகர்த்திக்கொண்டே போங்கள். மங்கலாக இருந்த பரப்பில் மெல்லிய பளபளப்பு ஓடும். துளைகள் மூடிக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். உடனே அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுங்கள். தாமதித்தால் ஃபோம் சுருங்கிக் கருகும். சூடு ஆறுவதற்குள் கவிழ்த்த பாத்திரத்தின் மேல் வளைத்துப் பிடித்தால், அந்த வளைவும் நிலைத்துவிடும்.

அடுத்தது பிரைமர், அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. வளைந்து கொடுக்கும், ரப்பர் போன்ற பூச்சுதான் வேண்டும். சுவருக்கு அடிக்கும் பிரைமர் காய்ந்ததும் விறைத்துப்போகும்; முழங்கையை நான்கு முறை மடக்கினால் சிலந்திவலைபோல் வெடிப்பு விடும். என் முதல் தோள்கவசம் மாநாட்டு வாசலிலேயே உதிரத் தொடங்கியது இப்படித்தான். மூன்று நான்கு மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. அதன் மேல் அக்ரிலிக் பெயின்ட்.

சூடேற்றும் வேலையை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கான்டாக்ட் சிமென்ட் என்ற பசை போட்ட இணைப்பு சூட்டில் இளகிப் பிரியும். காற்றோட்டமான இடமும் ரசாயன ஆவியை வடிகட்டும் முகமூடியும் கட்டாயம். சாதாரணத் துணி முகக்கவசம் அந்த ஆவியைத் தடுக்காது.