பழைய கையடக்கச் சூரியக் கடிகாரமா? முதலில் டிகிரியைப் பாருங்கள்

கொச்சி மட்டாஞ்சேரி யூதத் தெருவில் கடைக்குக் கடை பித்தளையில் மடக்குச் சூரியக் கடிகாரம் அடுக்கி வைத்திருப்பார்கள். எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் ஆசைப்பட்டு வாங்கி வருவார்கள், முற்றத்தில் வைத்தால் மணி எங்கேயோ நிற்கும். பெரும்பாலானவை அலங்காரத்துக்காகப் புதிதாகச் செய்தவை. லண்டன் என்று பொறித்திருப்பதை வைத்து வயதைச் சொல்ல முடியாது. பாசியும் கறுப்பும் ஏற்றுவதும் சுலபம். ஆனால் கோணத்தில் பொய் சொல்வது கஷ்டம், அதனால் அங்கிருந்து தொடங்குங்கள்.

நிழல் விழ வைக்கும் முள் தட்டிலிருந்து எத்தனை டிகிரி எழுகிறதோ, அதுதான் அந்தக் கடிகாரம் எந்த அட்சரேகைக்குச் செய்யப்பட்டது என்பதற்கான பதில். பாலக்காட்டுக்கு அது பத்தே முக்கால், 11 என்று வைத்துக்கொள்ளலாம். லண்டனுக்கு 51.5.

அப்புறம் பள்ளிப் பிள்ளையின் கோணமானியை எடுத்து மணிக்கோடுகளை அளந்து பாருங்கள். படுக்கைத் தட்டில் கோடுகள் சம இடைவெளியில் இருக்கவே கூடாது. 49 டிகிரிக்குச் செய்த தட்டில் 12-க்கும் 1-க்கும் நடுவே 11 டிகிரி சொச்சம் இருக்கும், நம் ஊருக்குச் செய்தால் அதே இடைவெளி 3 டிகிரிகூட வராது, நண்பகலை ஒட்டிக் கோடுகள் நெருக்கியடித்து நிற்கும். எல்லாம் 15 டிகிரியாக இருந்தால் அது வெறும் அலங்காரம். மணி வளையம் பூமத்திய ரேகைக்கு இணையாகச் சாய்ந்து நிற்கும் வகையில் மட்டும் 15 டிகிரிதான் சரி.

அந்தச் சாய்வு வகைக்கு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரம் பேர் போனது. எண்கோணத் தட்டு, நடுவில் காம்பஸ், பக்கத்தில் டிகிரி பொறித்த வில். வில்லை 11-இல் நிறுத்தினால் மணி வளையம் கிட்டத்தட்ட செங்குத்தாக எழுந்து நிற்கும், பயப்பட வேண்டாம், நமக்கு அப்படித்தான் நிற்க வேண்டும். முள் இரு பக்கமும் திரும்புகிறதா என்று பாருங்கள். மார்ச் 21 முதல் செப்டம்பர் 23 வரை வெயில் வளையத்தின் வடக்கு முகத்தில் விழும், மற்ற மாதங்களில் தெற்கு முகத்தில்.

பாரிஸ் வகையைப் பார்த்த உடனே கண்டுபிடிக்கலாம், முள்ளைத் தாங்குவது ஒரு சின்னப் பறவை, அதன் அலகு டிகிரியைக் காட்டும். 1700-ஐ ஒட்டி பாரிஸில் கருவி செய்துவந்த மைக்கேல் பட்டர்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயரின் பெயரால் அழைக்கிறார்கள். தட்டில் மூன்று நான்கு வரிசை மணிக்கோடுகள், வரிசைக்கு ஒரு அட்சரேகை. பின்புறம் ஐரோப்பிய ஊர்ப் பெயர்களும் டிகிரிகளும். அலகு பெரும்பாலும் 40-க்குக் கீழே இறங்காது. அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். 43-க்கான வரிசை இருந்தால் அலகை 43-இல் வைத்து, தட்டின் தெற்கு விளிம்பை 32 டிகிரி தூக்கி முட்டுக்கொடுங்கள், இங்கேயும் ஒழுங்காக ஓடும். சாய்வில் காம்பஸ் முள் சரியாகச் சுழலாது, வடக்கை வேறு காம்பஸ் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது வளைய வகை, ஆங்கிலேயக் கணித அறிஞர் வில்லியம் ஆட்ரெட் 17ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது. இதற்குக் காம்பஸே வேண்டாம். தொங்கும் கொக்கியை வெளி வளையத்தில் 11-க்கு நகர்த்தி, உள் வளையத்தை வெளி வளையத்துக்குச் செங்குத்தாக விரித்து, நடுப்பட்டையின் ஊசித்துளையை அன்றைய தேதிக்குத் தள்ளி, கையில் தொங்கவிட்டு மெல்லத் திருப்புங்கள். துளை வழியே வரும் ஒளிப்பொட்டு உள் வளையத்தின் நடுக்கோட்டில் விழும் இடம்தான் மணி. சரியாக நண்பகலில் வெளி வளையமே வெயிலை மறைத்துவிடும். ஆனி ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது வெளியே தொங்கவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கும், ஜன்னல் ஓரமாக நின்று பாருங்கள்.

நியூரம்பர்க்கில் செய்த புத்தகம்போல் மடங்கும் வகையில் முள்ளுக்குப் பதில் நூல் இருக்கும், அது விறைப்பாக நிற்க வேண்டும். பழையவை பல யானைத் தந்தம். நம் நாட்டில் தந்தம் வாங்குவதும் விற்பதும் குற்றம், யார் காட்டினாலும் தொடாதீர்கள்.

காம்பஸ் பெட்டிக்குள் வடக்குக் கோட்டை விட்டு விலகி இன்னொரு கோடு இருந்தால் நன்றாகப் பாருங்கள், கருவி செய்த காலத்தில் காம்பஸ் முள் காட்டிய வடக்கு அது. காந்த வடக்கு நகர்ந்துகொண்டே இருப்பது, லண்டனில் 1580-இல் கிழக்கே 11 டிகிரி, 1660-ஐ ஒட்டி பூஜ்யம், 1820 வாக்கில் மேற்கே 24. இதை வைத்து லண்டன் கருவியின் காலத்தைச் சுமாராகக் கணிக்கலாம்.

கடைசியாக, எல்லாம் சரியாக வைத்தும் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, நாம் மேற்கே இருப்பதால் சூரியன் சுமார் 23 நிமிடம் பின்தங்கும். பிப்ரவரி நடுவில் அதோடு 14 நிமிடம் கூட்டுங்கள், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் கழியுங்கள். அதாவது நிழல் 12 காட்டும்போது கைக்கடிகாரத்தில் பிப்ரவரியில் 12:37, நவம்பரில் 12:07 என்றிருந்தால் கருவி சரியாக வேலை செய்கிறது.