கரண்ட் பில் எகிறினால் முதலில் பார்க்க வேண்டியது

தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கெடுப்பு. வெள்ளை அட்டையில் உள்ள ரீடிங்கை மீட்டரோடு ஒப்பிடுங்கள். மீட்டர் இப்போது காட்டும் அளவு அட்டையில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் ரீடிங் தவறு. தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள்.

அடுத்து நாட்களை எண்ணுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 60 நாளுக்குப் பதில் 70 நாள் கழித்து எடுத்தால் 450 யூனிட் 525 ஆகும். 500-ஐத் தாண்டினாலே குறைந்த பயன்பாட்டுக்கான மலிவுக் கட்டணச் சலுகையும் போய்விடும்.

மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் மீட்டரின் சிவப்பு விளக்கு மின்னுகிறதா? கசிவோ, வேறு இணைப்போ இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மீட்டரிலேயே சந்தேகமென்றால் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் பரிசோதனை கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்ச்சொல் நிற்காது. தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம்.