ஏ.எல் புள்ளையளுக்கு இலவச வகுப்பு நடத்த அரசாங்கக் காசு கேக்கக்குள்ள நாம விடுற பிழையள்

மூணு கடையில தனித்தனியா விலை எழுதி வாங்கவேண்டிய கொட்டேசன் மூணையும் மேசையில பக்கத்துப் பக்கத்துல வச்சிட்டு அந்த ஒபிசர் என்னை நிமிந்து பாத்தார். மூணு கடையிட பேரும் வேற, மூணு சீலும் வேற, ஆனா "வெள்ளைப் பலகை" எண்டு எழுதின எழுத்து மூணுலயும் ஒண்டுதான், அந்த "ள்ளை"ல வாற சுழி கூட அச்சடிச்ச மாதிரி அப்பிடியே. எழுதினது நம்மட சங்கத்துப் பொடியன் ஒராள், கடைகளுக்குப் போய் மூணு வெறும் லெட்டர்ஹெட்ட சீல் குத்தி வாங்கிட்டு வந்து ராவிருந்து அவனே நிரப்பியிருக்கான், கள்ள எண்ணத்துல இல்ல, அடுத்த நாள் கடைசித் திகதி எண்டதால. அந்த வருசம் நமக்கு ஒரு சதமும் வரல்ல. ஒபிசர் ஏசவும் இல்ல, ஃபைலை மூடி என்ட கையிலயே தந்தார், அதுதான் இன்னும் வெக்கமா கிடந்திச்சு.

நாங்க மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால, படுவான்கரைப் பக்கம் ஒரு ஊர்ல பின்னேர வகுப்பு நடத்துறம். ஓ.எல் (சாதாரண தரம்) முடிச்சிட்டு ஏ.எல் (உயர்தரம்) படிக்கிற, கெம்பஸ் போக ஆசைப்படுற, ஆனா மட்டக்களப்பு டவுனுக்குப் போய் ரியூசன் எடுக்க வசதியில்லாத புள்ளையளுக்கு. இதுக்கு அரசாங்கத்துல காசே இல்ல எண்டு நிறையப் பேர் நினைக்கிறாங்க. எம்.பிமார் ஊர் வேலையளுக்கு ஒதுக்கிற பன்முகப்படுத்தப்பட்ட நிதி, மாகாண நிதி, ஜனாதிபதி நிதியம், பிரதேச செயலகத்துக்கு அமைச்சுகளால வாற ஒதுக்கீடு எண்டு நாலஞ்சு வாசல் கிடக்கு. சரியான வாசல்ல சரியான பேப்பரோட நிக்கிறதுதான் நமக்கு வராத விசயம். நாங்க விழுந்த இடங்கள எழுதுறன், நீங்களாவது வேற இடத்துல விழுங்க.

முதலாவது, காசுட பேர் தெரியாமக் கேக்கிறது. எங்கட முதல் புரபோசல்ல எல்லாத்தையும் ஒரே கூடைக்குள்ள போட்டிருந்தம், சேர்மாருக்கு போக்குவரத்துச் செலவு, புள்ளையளுக்கு தேத்தண்ணி, கொப்பி, ஃபேன், டெஸ்க், கரண்ட் பில், எல்லாம் கூட்டி ஒரு தொகை. அரசாங்கக் கணக்குல மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு எண்டு ரெண்டு பெட்டி இருக்கு. பன்முகப்படுத்தப்பட்ட நிதி மாதிரியான காசு மூலதனப் பெட்டி. அதுல டெஸ்க், கதிரை, வெள்ளைப் பலகை, போட்டோகொப்பி மிசின், கூரைத் தகரம் இப்பிடி கையால தொட்டுக் காட்டக்கூடிய சாமான் வாங்கலாம். சேருக்கு சம்பளம் குடுக்க ஏலா, தேத்தண்ணிக்கும் ஏலா. அந்தப் பெட்டிக்காரர்ட்டப் போய் மற்றப் பெட்டிச் செலவக் கேட்டா அவர் ஓம் எண்டு சொல்ல விரும்பினாலும் சொல்ல ஒண்ணா. இப்ப நாங்க ரெண்டாப் பிரிச்சிட்டம், சாமான் அரசாங்கத்திட்ட, சேர்மாருட செலவு கோயில் நிருவாகத்திட்டயும் வெளிநாட்டுல இருக்கிற நம்மட ஊராக்கள்ட்டயும். இதுலயும் ஒரு குழி கிடக்கு, கவனம். ஒரு ஊர்ல போட்டோகொப்பி மிசின் வந்து இறங்கி, டோனர் வாங்கக் காசில்லாம, மேல ஒரு பழைய சாறியால மூடி வச்சிருக்கிறத நான் என்ட கண்ணால பாத்தன். பாஸ்ட் பேப்பர் அடிக்க எண்டு வாங்கின மிசின்.

ரெண்டாவது, மாரியையும் திறைசேரியையும் சேத்துப் பாக்காம விடுறது. இதத்தான் நான் பெரிய பிழை எண்டு சொல்லுவன், ஆனா இதப்பத்தி யாரும் பேசிறல்ல. அரசாங்கத்துட கணக்கு வருசம் ஜனவரியில தொடங்கி டிசம்பர் 31ல முடியுது, அதுக்குள்ள செலவழிச்சு பில் குடுக்காத காசு திரும்பத் திறைசேரிக்கே போயிடும். நாம என்ன செய்யிற, சித்திரைப் புதுவருசம் முடியட்டும், கோயில் சடங்கு முடியட்டும் எண்டு ஆடி ஆவணியில கடிதம் எழுதத் தொடங்கிற. அது மேசை மேசையா நடந்து அனுமதி வரக்குள்ள ஐப்பசி கார்த்திகை, அப்ப நம்மட பக்கம் என்ன நிலைமை எண்டு சொல்லத் தேவையில்ல, வயல் எது ரோட்டு எது எண்டு தெரியாத வெள்ளம், டெஸ்க் ஏத்தின லாண்ட்மாஸ்டர் பாதி வழியில நிண்டிடும். புள்ளையளுக்கும் அதே மாரிதான். 2024ல ஏ.எல் எக்ஸாம் நவம்பர் 25 தொடங்கி ரெண்டு நாள்லயே மழையால நிப்பாட்டி டிசம்பர் 4ம் திகதிதான் திரும்பத் தொடங்கினது ஞாபகம் இருக்கும். எக்ஸாம் நடக்கிற மாசத்துல கைக்கு வாற வெள்ளைப் பலகையால யாருக்கு என்ன பிரயோசனம்? அதால கடிதம் தைப்பொங்கலோட போகணும், சாமான் வைகாசிக்குள்ள வந்து சேரணும் எண்டு கணக்குப் போடுங்க. வெள்ளண போனா ஒபிசர்மாருக்கும் நேரம் இருக்கும், நின்டு ரெண்டு வார்த்த பேசுவாங்க, வருசக் கடைசியில போனா அவங்கட தலையே மேசையில தெரியா.

அடுத்தது சங்கம். வகுப்புக்கெண்டு புதுசா ஒரு பேர் வச்சு, பேனர் அடிச்சு, ஃபேஸ்புக்ல பேஜும் திறந்துட்டு காசு கேட்டுப் போவம். பதிவு எங்க எண்டு கேட்டா முழிப்பம். ஊர்ல ஏலவே கிராம அபிவிருத்திச் சங்கம் கிடக்கும், மாதர் சங்கம் கிடக்கும், பள்ளிக்கூடத்துல பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கிடக்கும், பதிவு, பேங்க் புத்தகம், கூட்டக் குறிப்பு எல்லாம் உள்ள சங்கம், அதுக்குக் கீழ ஒரு கல்விக் குழுவா நிண்டு கேட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. தலைவர் ஆரு, பேர் ஆருக்கு எண்ட சண்டையாலதான் நாம புதுசு புதுசாத் தொடங்கிற, வேற ஒண்டும் இல்ல. மறுகா கையெழுத்து. எங்களுக்கு ஒருக்கா காசு கணக்குல வந்து விழுந்திட்டு, செக்குல ரெண்டு பேர் கையெழுத்து வேணும், பொருளாளர் கட்டாருக்குப் போய் மூணு மாசம். ஆள மாத்துறதுக்குக் கூட்டம் கூட்டி, தீர்மானம் எழுதி, பேங்க்குக்குக் குடுத்து, அவங்க சரி எண்டு சொல்ல அஞ்சு கிழமை போனது, அதுக்குள்ள கொட்டேசன்ல இருந்த விலையும் ஏறிட்டு, வித்தியாசத்த நாங்க கைக்காசால போட்டம். வெளிநாடு போக பாஸ்போட் எடுத்து வச்சிருக்கிற ஆக்கள பொருளாளரா போடாதீங்க கா, நல்லவங்கதான், ஆனா போடாதீங்க.

ஆரிட்டக் கேக்கிற எண்டதுலயும் ஏமாறுறம். கிழக்கு மாகாண சபைட காலம் 2017 செப்டம்பரோட முடிஞ்சது, அதுக்குப் பிறகு எலக்சன் வைக்கல்ல, மாகாண நிருவாகம் ஆளுநருக்குக் கீழதான் நடக்குது. இன்னும் முந்தின மாகாண சபை உறுப்பினர்ர வீட்டுத் திண்ணையில ஃபைலோட போய்க் குந்தியிருக்கிற ஆக்கள் இருக்காங்க. அவர் பாவம், தேத்தண்ணி குடுத்து அனுப்புவார்.

இனி எழுத்து. "வறுமைக்கோட்டின் கீழ் வாழும் எமது மாணவச் செல்வங்களின் ஒளிமயமான எதிர்காலத்தைக் கருத்திற்கொண்டு" எண்டு தொடங்காத கடிதம் ஒண்டு நம்மட பக்கத்துல இருந்து போயிருக்குமோ தெரியா, நானே ரெண்டு எழுதியிருக்கன், ரெண்டாவதுல "கண்ணீர்" எண்ட சொல்லும் வருது. வாசிக்கிறவருக்கு கண்ணீர் வரப்போறல்ல, அவர்ர மேசையில அதே மாதிரி நாப்பது கிடக்கு. இன்னொரு பழக்கம், எங்கட மாவட்டம் பின்தங்கின மாவட்டம் எண்டு பக்கம் பக்கமா எழுதிறது. கெம்பஸ் அனுமதியில, கலை மாதிரி சிலதத் தவிர மற்றப் படிப்புகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, மிச்சம் 5 வீதம் கல்வியில பின்தங்கின 16 மாவட்டத்துக்கு, அந்த 16ல மட்டக்களப்பும் இருக்கு அம்பாறையும் இருக்கு, உண்மைதான். ஆனா நீங்க காசு கேக்கிறது உங்கட பிரதேச செயலகத்துல, மாவட்டச் செயலகத்துல. அங்க போட்டி போடுற எல்லாரும் அதே மாவட்டம்தானே! வாகரையும் வெல்லாவெளியும் வவுணதீவும் ஒரே வரிசையில நிக்கக்குள்ள மாவட்டம் பின்தங்கினது எண்டு சொல்லி என்ன பிரயோசனம். உங்கட ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் என்ன வித்தியாசம் எண்டதத்தான் எழுதணும்.

அத எப்பிடி எழுதிற? எண்ணி எழுதுங்க. நம்மட ஜி.எஸ் (கிராம சேவகர்) பிரிவுல போன முறை ஓ.எல் எழுதினது எத்தின பேர், கணிதம் பெயில் ஆனது எத்தின பேர், ஏ.எல்ல விஞ்ஞானம் எடுக்க விரும்பியும் கலைக்குப் போனது எத்தின பேர், ஃபிசிக்ஸ் சேர் இருக்கிற கிட்டின பள்ளிக்கூடம் எத்தின கிலோமீற்றர், கடைசி பஸ் எத்தின மணிக்கு. இந்தக் கடைசி பஸ் எண்ட ஒரு வரி எங்களுக்குச் செஞ்ச உதவிய வேற ஒண்டும் செய்யல்ல. 2014ல மண்முனைப் பாலம் திறந்தாப் பிறகு படுவான்கரை எல்லாம் டவுனுக்குக் கிட்ட வந்திட்டு எண்டுதான் வெளிய உள்ளாக்கள் நினைக்கிறாங்க, பாலம் வந்தது உண்மை, தோணியும், பாதை எண்டு சொல்லுற மிதவையும் பாத்துக் கரையில நிண்ட காலம் போயிட்டு, ஆனா பின்னேர ரியூசன் முடிஞ்சு வாற பொம்புளப் புள்ளைக்கு பாலத்துக்கு அங்கால பஸ் இல்ல எண்டா பாலம் இருந்தும் என்ன.

புள்ளையளுட பேர், குடும்ப விவரம், அரசாங்கத்துட அஸ்வெசும உதவிக் காசு எடுக்கிறாங்களா இல்லயா எண்டதெல்லாம் ஒபிசுக்குக் குடுக்கிற லிஸ்ட்டுல மட்டும் இருக்கட்டும். இதுலதான் நாங்க மன்னிக்கேலாத பிழை விட்டம். கொப்பி குடுக்கிற நாள் பேனருக்குக் கீழ புள்ளையள வரிசையா நிறுத்தி படம் எடுத்து, காசு தந்தாக்களுக்கு நன்றி எண்டு போட்டம். அதுல ஒரு புள்ள, கெமிஸ்ட்ரியில நல்ல கெட்டிக்காரி, அடுத்த கிழமையில இருந்து வரல்ல. வீட்ட போய்க் கேட்டா தாய்தான் சொன்னா, "வகுப்புல உள்ளாக்கள் படத்தக் காட்டி பகிடி பண்ணிட்டாங்களாம் சேர், அவள் இனி வரமாட்டாளாம்" எண்டு. புள்ள உள்ள அறைக்குள்ள நிண்டது தெரியும், கதவுக்குக் கீழால கால் தெரிஞ்சிச்சு. வெளியில வரல்ல. காசு தாறாக்கள் படம் கேட்டா வெறும் டெஸ்க்கயும் பலகையையும் படம் எடுத்து அனுப்புங்க.

பேப்பர் பிழை எண்டா நம்மட நாட்டுல மட்டும் எண்டு நினைக்காதீங்க. அமெரிக்காவுல அப்வர்ட் பவுண்ட் எண்டு ஒரு அரசாங்கத் திட்டம் 1960கள்ல இருந்து நடக்குது, வசதி குறைஞ்ச, குடும்பத்துல முதல் ஆளா கெம்பஸ் போகப்போற ஹைஸ்கூல் புள்ளையளத் தயார்ப்படுத்துறதுக்கு காசு குடுக்கிற திட்டம், நாங்க செய்யிற வேலைதான், பெரிய அளவுல. 2017ல அதுக்கு விண்ணப்பிச்ச நிறையக் கல்லூரிகள்ர விண்ணப்பத்த வாசிக்காமலே தள்ளிட்டாங்க, காரணம் வரிக்கும் வரிக்கும் இடையில விடச்சொன்ன இடைவெளிய சில பக்கத்துல விடல்லயாம், அப்பிடிச் சில்லறைக் காரணங்கள். வருசக்கணக்கா நடந்த வகுப்புகள் அதால நிக்கப் பாத்திச்சு. மறுகா அங்கத்தயப் பாராளுமன்றத்துல உள்ளாக்களே சத்தம் போட்டு, திரும்ப எடுத்து வாசிச்சாங்க. நமக்காக ஆரு சத்தம் போடுற? அதால சீல் தெளிவா விழுந்திருக்கா, திகதி இருக்கா, ஜி.எஸ் கையெழுத்துக்கு மேல பிரதேச செயலாளர்ர மேலொப்பம் இருக்கா எண்டு ஒராளுக்கு ரெண்டாள் பாருங்க. டிப்பெக்ஸ் பூசின போமக் குடுக்கவே வேணாம், புதுசா எழுதுங்க.

ஒரே சாமான ரெண்டு இடத்துல கேக்கிறதும் நடக்குது, ஒண்டு கிடைக்காட்டியும் மற்றது கிடைக்கட்டும் எண்டு. ரெண்டும் கிடைச்சா என்ன செய்யிற? கேக்கிறதுல பிழையில்ல, கேட்டிருக்கம் எண்டு எழுதாம விடுறதுதான் பிழை.

புள்ளையள் தனித்தனியா எடுக்கவேண்டிய காசும் இருக்கு, வகுப்பு நடத்துறாக்கள் அத ஞாபகப்படுத்தாம விடுறாங்க. ஜனாதிபதி நிதியத்தால ஏ.எல் புள்ளையளுக்குக் குடுத்த புலமைப்பரிசில் கல்வி வலயத்துக்கு வலயம் பிரிச்சு, அதிபர் ஊடாத்தான் போனது. மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு எண்டு நம்மட மாவட்டத்துல அஞ்சு வலயம், உங்கட பள்ளிக்கூடம் எதுக்குள்ள வருது எண்டு தெரியாம வேற சோனல் ஒபிசுக்குப் போய் அலைஞ்ச தகப்பன்மார் இருக்காங்க. கெம்பஸ் கிடைச்சாப் பிறகு மஹாபொல புலமைப்பரிசில், அது கிடைக்காட்டி பேர்சரி எண்ட உதவிப்பணம். 2025 பட்ஜெட்டுல மஹாபொல மாசம் 5,000ல இருந்து 7,500, பேர்சரி 4,000ல இருந்து 6,500 ஆக்கினாங்க. வீட்டுல இருந்து மாசம் பத்தாயிரம் அனுப்ப ஏலாத குடும்பத்துக்கு இது சின்னக் காசில்ல. இதுலயும் சறுக்கிறது வருமானச் சான்றிதழ்லதான். தகப்பன் கூலி வேலை, தாய் வெளிநாடு எண்டா தாய்ர காச மறைக்கிற, வயல் போகம் வெட்டின காச மறைக்கிற, அங்க அஸ்வெசும போம்ல வேற கணக்கு எழுதியிருக்கும், ரெண்டையும் ஒரே ஜி.எஸ்தான் பாப்பார். உள்ளத எழுதுங்க, நம்மட உள்ள வருமானமே குறைவுதான், அதுக்கு மேல குறைக்கத் தேவையில்ல. பேர் எழுத்தையும் ஓ.எல் காலத்துலயே சரி பாத்திடுங்க, பிறப்புச் சான்றிதழ்ல "புஸ்பலதா", ஐடென்டிட்டில "புஷ்பலதா" எண்டா அத மாத்த நடக்கிற நடைக்குள்ள ஒரு தவணை போயிடும்.

காசு கிடைச்சாப் பிறகு, வகுப்புக்குப் புள்ளையள் வந்ததப் பதியிற வரவு டாப்பு கேப்பாங்க. சில ஊர்ல ஆள் வரப்போறாங்க எண்டு கேள்விப்பட்டு முதல் நாள் ராவு குந்தி வருசம் முழுக்க உள்ள டாப்ப ஒரே பேனையால நிரப்பிற, எல்லாரும் எல்லா நாளும் வந்திருப்பாங்க, கார்த்திகை வெள்ளத்துலயும் வந்திருப்பாங்க. கொட்டேசன்ல பட்ட பாட்டுக்குப் பிறகு நாங்க அந்த வேலைக்குப் போகல்ல. போன முறை அதே ஒபிசர்தான் வந்தார். எங்கட டாப்புல நீலப் பேனை, கறுப்புப் பேனை, ஒரு கிழமை பென்சில், நடுவுல பதினாறு நாள் வெறுமனே கிடந்திச்சு, ஒரு பக்கம் நனைஞ்சு மை ஊறி அலை அலையாக் காஞ்சிருந்திச்சு. அந்தப் பக்கத்துல விரல வச்சு "இது என்ன?" எண்டார். "வெள்ளம் சேர், டாப்பு பாலர் பாடசாலைக்குள்ள இருந்திச்சு" எண்டன். ஓம் எண்டு தலையாட்டிட்டு, பக்கத்தத் திருப்பி, கீழ கையெழுத்து வச்சார்.