கவுன்சில் கார்டு வேறு, சங்கக் கார்டு வேறு: செவிலியர் தலைமைக்கு வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வார்டுக்குப் புதிதாக வந்த ஒரு தங்கையிடம், செவிலியர் சங்கத்தில் உறுப்பினராகிவிட்டாயா என்று கேட்டேன். "அதான் கவுன்சில்ல பணம் கட்டிப் பதிவு பண்ணியாச்சே அக்கா, அப்புறம் எதுக்குச் சங்கம்?" என்றார். பத்து வருடம் பணியாற்றியவர்களும் இதையே கேட்கிறார்கள். தலைமைப் பொறுப்புக்கு வருகிறவர்கள் செய்யும் முதல் தவறும் இதுதான். எந்த அமைப்பு எதற்கு என்று தெரியாமல், எல்லாக் குறைகளையும் ஒரே கதவில் தட்டுகிறோம். திறக்கவில்லை என்றதும் "சங்கம் என்னத்தக் கிழிச்சது" என்று திரும்பிவிடுகிறோம்.

கவுன்சில் என்பது சட்டத்தால் பிறந்தது. 1926-ஆம் ஆண்டின் மெட்ராஸ் சட்டத்திலிருந்து நம் மாநில கவுன்சில் வந்தது. இந்தியன் நர்சிங் கவுன்சிலுக்கு 1947-ஆம் ஆண்டின் சட்டம் அடிப்படை. அதற்குப் பதிலாகத் தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையம் அமைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றியது. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: யார் செவிலியராகப் பணியாற்றலாம், என்ன படித்திருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது. அது நோயாளிக்கான காவல். உங்கள் சம்பளத்துக்காகவோ டியூட்டி நேரத்துக்காகவோ அது வாதாடாது, வாதாட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை.

நமக்காகப் பேசுவது தொழில்முறைச் சங்கம். இந்தியாவில் அது டிரெய்ன்டு நர்சஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா, சுருக்கமாக டிஎன்ஏஐ. 1905-இல் லக்னோவில் நர்சிங் சூப்பிரண்டுகள் சிலர் கூடித் தொடங்கிய அமைப்பிலிருந்து 1908-இல் அது உருவானது. 1910-லிருந்து இதழ் நடத்துகிறது. 1912-இல் சர்வதேச செவிலியர் கவுன்சிலான ஐசிஎன்னில் இணைந்தது. இந்த ஐசிஎன் பெயரிலும் 'கவுன்சில்' இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. அது பதிவு செய்து தரும் அமைப்பு அல்ல. 130-க்கும் மேற்பட்ட நாடுகளின் தேசிய சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு, தலைமையகம் ஜெனீவாவில். தனி ஆளாக அதில் சேர முடியாது. டிஎன்ஏஐ உறுப்பினர் என்றால் அதன் வழியாக அங்கே உங்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது.

அந்தத் தங்கைக்கு நான் சொன்னது வேறு ஒன்று. "உன் கையில் இருக்கிற பதிவுச் சான்றே சங்கங்கள் போராடி வாங்கியதுதான்." இங்கிலாந்தில் எத்தல் பெட்ஃபோர்டு ஃபென்விக் என்ற செவிலியர் 1887-இல் ஒரு செவிலியர் சங்கத்தை அமைத்து, பயிற்சி பெற்றவர்களுக்கு அரசுப் பதிவேடு வேண்டும் என்று கேட்டார். 1899-இல் ஐசிஎன் உருவாக முன்னின்றவரும் அவர்தான். அன்றைக்கு அந்த நாட்டுப் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு கிடையாது. பதிவுச் சட்டம் வந்தது 1919-இல், முப்பது வருடத்துக்கும் மேலான சண்டைக்குப் பிறகு. பதிவேட்டின் முதல் எண்ணும் அவருடையதே.

இனித் தொழிற்சங்கம். இங்கேதான் அதிகக் கோபமும் அதிகத் தவறும் இருக்கின்றன, கொஞ்சம் நின்று பேச வேண்டும். தொழிற்சங்கம் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேரம் பேசும், தேவைப்பட்டால் வேலைநிறுத்தம் செய்யும். தொழில்முறைச் சங்கத்தின் வேலை அதுவல்ல. இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்கிறது, 2022 டிசம்பரில் வேலைநிறுத்தமே நடத்தியது. அங்கே போன நம் ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, நம் சங்கம் ஏன் அப்படி இல்லை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே நடந்ததையும் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் சம்பளம், பணிச்சூழல் குறித்து 2011-இல் டிஎன்ஏஐ உச்ச நீதிமன்றம் போனது. 2016 ஜனவரி 29 அன்று, இதற்கென ஒரு குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. குழு கொடுத்த பரிந்துரை இது: 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100-க்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்குக் கீழே உள்ள சிறிய மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. மருத்துவமனைகள் மாநிலங்களின் அதிகாரத்தில் வருவதால் பந்து மாநிலங்களிடம் போனது. கேரளத்தில் 2011-இல் தொடங்கிய யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன், பெயரில் அசோசியேஷன் என்றிருந்தாலும் ஒரு தொழிற்சங்கம். அது வீதிக்கு வந்தது, வேலைநிறுத்தம் செய்தது. 2018 ஏப்ரலில் 20,000 ரூபாயைக் குறைந்தபட்சச் சம்பளமாக்கி அந்த மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டது.

இதில் எந்த அமைப்பு பெரியது என்று சண்டை போடுவதை நான் தவறு என்றே சொல்வேன். நீதிமன்றம் போய்ப் பரிந்துரை வரக் காரணமாக இருந்தது ஒரு சங்கம், அதே தொகைக்காகத் தெருவில் நின்றது இன்னொன்று. மனத்தை உறுத்துவது வேறு விஷயம். தனியார் மருத்துவமனைகளில் வேலை செய்யும் தங்கைகளிடம் அந்த நான்கு வரிப் பரிந்துரையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பலருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மாவட்டக் கிளையில் பொறுப்பில் இருப்பவர்கள் அதை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து, டியூட்டி ரூமில் ஒட்டியிருக்கலாம். அவ்வளவு பக்கத்தில் இருக்கிற வேலையைத்தான் விட்டுவிடுகிறோம்.

கணக்கில்லாமல் மனு எழுதுவது

இது நானே செய்த தவறு. நான் வேலை பார்த்த ஒரு பயிற்சி மருத்துவமனையில் 42 நோயாளிகளுக்கு இரவில் இரண்டு பேர்தான். ஆதங்கத்தில் மனு எழுதினேன். "மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று விதி இருக்கிறது, இரவில் பதினான்கு பேர் வேண்டும்" என்று போட்டேன். மனுவை வாங்கிய அதிகாரி, அந்த ஒன்றுக்கு மூன்று என்பது மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து, ஒரு ஷிஃப்டுக்கு ஒன்பது பேருக்கு ஒருவர் என்று சொல்லி மூடிவைத்துவிட்டார். அவர் சொன்னது சரி. என் முகம் சுண்டிப்போனது.

கிளைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு அக்கா, "டியூட்டி ரோஸ்டர் கொண்டு வா" என்றார். நான்கு வார ரோஸ்டரை, அதாவது யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியலை, மேசையில் விரித்தோம். 42 பேருக்கு ஒரு நாளைக்குப் பதினான்கு பேர். இந்தியன் நர்சிங் கவுன்சில் விதிப்படி விடுப்புக்கென்று 30 சதவீதம் கூட்டினால் பதினெட்டு. ரோஸ்டரில் இருந்தது ஒன்பது பெயர், அதில் ஒருவர் மகப்பேறு விடுப்பு. இரவில் ஐந்து பேர் வேண்டிய இடத்தில் இரண்டு பேர். அந்த நான்கு வாரத்தில் யார் யார் எத்தனை முறை டபுள் டியூட்டி பார்த்தார்கள் என்று சிவப்பு மையில் வட்டம் போட்டார் அக்கா. இரண்டாவது மனுவில் என் ஆதங்கம் ஒரு வரிதான், மீதி எல்லாம் ரோஸ்டர். கிளையின் லெட்டர்ஹெட்டில் போனது. உடனே பதினெட்டு பேர் வந்துவிடவில்லை, ஆனால் இரவு டியூட்டிக்கு மூன்றாவது ஆள் வந்தார். கையெழுத்து மட்டும் வாங்கும் சங்கத்துக்கும் எண்ணிக்கை கேட்கும் சங்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அந்த மேசையில்தான் கற்றுக்கொண்டேன்.

ஐசிஎன்னின் நிலைப்பாட்டு அறிக்கைகளையும் நெறிமுறைக் கோவையையும் இப்படித்தான் பயன்படுத்த வேண்டும். கோவை முதலில் வந்தது 1953-இல், கடைசித் திருத்தம் 2021-இல். மே 12 செவிலியர் தின விழாவில் மெழுகுவர்த்தி ஏந்தி உறுதிமொழி எடுப்பதோடு அதை மடித்து வைத்துவிட்டால் பயனில்லை. பாதுகாப்பில்லாத எண்ணிக்கையில் வேலை வாங்கும்போது, "இது எங்கள் தொழில்நெறிக்கும் பொருந்தாது" என்று மனுவில் மேற்கோள் காட்டலாம். ரோஸ்டர் உள்ளூர் ஆதாரம் என்றால், இது உலக ஆதாரம்.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "சர்வதேசச் செவிலியர் தலைவர் விருதுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள், பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று மெயில் வந்தால் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். 1973-இல் மத்திய சுகாதார அமைச்சகம் தொடங்கிய தேசிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விருதுக்கு யாரும் பணம் கட்டுவதில்லை. உங்கள் தேசிய சங்கத்துக்கே தெரியாத 'உலகச் சங்கம்' என்றால் மாநிலக் கிளைச் செயலாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பதவி வந்த பிறகு சங்கத்துக்கு வருவது

நர்சிங் சூப்பிரண்டு ஆன பிறகு சங்கத்துக்கு வருபவர்கள் மேடையில் உட்காருகிறார்கள், ஆனால் கூட்டம் நடத்தத் தெரியாமல் திணறுகிறார்கள். டிஎன்ஏஐயின் கீழ் 1929 முதல் மாணவர் செவிலியர் சங்கம் இருப்பது இதற்காகத்தான். நிகழ்ச்சி நிரல் போடுவது, தீர்மானத்தை முன்மொழிந்து வழிமொழிவது, கூட்டக் குறிப்பான மினிட்ஸ் எழுதுவது, கணக்கைப் பொதுக்குழுவில் ஒப்படைப்பது எல்லாம் இருபது வயதிலேயே பழகிவிட வேண்டியவை. ஆசிரியர்களே மினிட்ஸை எழுதி மாணவியிடம் கையெழுத்து மட்டும் வாங்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தப்பும் தவறுமாக அந்தப் பிள்ளையே எழுதட்டும்.

பொறுப்பில் இருக்கும் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. கிளைக் கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வைத்துவிட்டு, இளையவர்கள் வருவதே இல்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம். அந்த நேரத்தில் ஊசி போட்டுக்கொண்டும் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டும் இருப்பவர்கள் அவர்கள்தான். மதியம் அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் முடிந்ததும், வார்டுக்குப் பக்கத்திலேயே, அரை மணி நேரம் வையுங்கள். காலை ஷிஃப்ட் முடித்தவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் வந்துவிட்டுப் போவார்கள். நைட் டியூட்டிக்காரர்களுக்கு மாதம் ஒருமுறை சாயங்காலம் வைத்தால் போதும்.

எங்கள் கிளையில் அப்படி மாற்றிய முதல் கூட்டத்துக்குப் பதினேழு பேர் வந்தார்கள். நாற்காலி போதவில்லை, ஐந்தாறு பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். மினிட்ஸ் எழுத யார் வருகிறீர்கள் என்று கேட்டதும், கவுன்சில் கார்டு போதும் என்ற அதே தங்கைதான் பேனாவைக் கேட்டு வாங்கினார்.