மேடைக்காக மெலியும் பெண்கள் செய்யும் தவறுகள்

போன புரட்டாசியில் என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண் ஒருத்தி மூன்று வாரம் வீட்டுச் சாப்பாட்டைத் தொடவில்லை. அம்மா கேட்டால் “விரதம்” என்று சொல்லிவிடுவாளாம். என் எதிரில் உட்கார்ந்து ஆறு முட்டைகளின் வெள்ளைக்கருவை விழுங்கியபடியே இதைச் சொன்னாள். முட்டை தின்று புரட்டாசி விரதம் இருக்கும் ஆளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் பதினொரு வருடங்களுக்கு முன் அதே பொய்யை என் அம்மாவிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் உடற்பயிற்சி நிலையம் நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களில் சிலருக்கு உடற்கட்டழகுப் போட்டி மேடை ஏறும் ஆசை உண்டு. நன்றாகத் தூங்குங்கள், புரதம் சாப்பிடுங்கள், சீனி போட்ட தே தாரிக் பால் தேநீரை விடுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தே செய்யும் தவறுகள்தான் என்னை உறுத்துகின்றன.

ஆறு வாரத்தில் இறங்கிவிடலாம் என்ற கணக்கு

இறங்காது. வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு விழுக்காடு குறைந்தால் போதும். 55 கிலோ பெண்ணுக்கு அது கால் முதல் அரைக்கிலோ அளவுதான். அதைவிட வேகமாகப் போனால், காட்டுவதற்காக வளர்த்த தசையும் சேர்ந்து கரையும்.

மாதவிலக்கு நின்றதைச் சாதனையாக எண்ணுவது

எனக்கு ஒன்பதாவது வாரத்தில் நின்றது. அப்போதைய பயிற்சியாளரிடம் கூச்சத்தை விட்டுச் சொன்னேன். “நல்ல அறிகுறி, கொழுப்பு இறங்குகிறது” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. குளியலறைக் குப்பைக் கூடையைப் பார்த்தே கணக்கு வைத்திருந்தார். நான் ஒரு கிளினிக்குக்குப் போய், போட்டி, பட்டினி எதையும் சொல்லாமல், “வரவில்லை” என்று மட்டும் சொல்லிக் கருத்தடை மாத்திரை வாங்கி வந்தேன். அட்டை முடிந்ததும் உதிரம் வந்தது. அம்மா நிம்மதியானார், நானும் சரியாகிவிட்டது என்று நம்பினேன். இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

அந்த உதிரம் மாத்திரையை நிறுத்தியதால் வருவது. வெளியிலிருந்து வந்த ஹார்மோன் விலகும்போது கருப்பையின் உட்சுவர் கழிகிறது, அவ்வளவுதான். சினைப்பை உறங்கிக்கொண்டேதான் இருக்கும். உண்ணும் ஆற்றல் போதாதபோது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் இனப்பெருக்கத்துக்கான கட்டளைகளைக் குறைத்துவிடுகிறது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் விழுகிறது. அது விழுந்தால் எலும்பு கரையத் தொடங்குகிறது. இது கண்ணுக்குத் தெரியாது, வலிக்காது. எனக்குத் தெரிந்தது, படியில் சாதாரணமாக இறங்கும்போது பாதத்தில் ஒரு எலும்பு விரிசல் விட்டபோதுதான். ஈப்போவில் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தார்கள். அப்போது எனக்கு வயது இருபத்தாறு. மனிதர் எலும்பைச் சேமிக்கும் காலம் முப்பதுக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். நான் சேமிக்க வேண்டிய நேரத்தில் செலவழித்திருக்கிறேன். இதற்காகவே மாத்திரை கொடுத்து மாதவிலக்கை வரவழைக்க வேண்டாம் என்று 2017-இல் அமெரிக்காவின் ஹார்மோன் மருத்துவர் சங்கமான எண்டோக்ரைன் சொசைட்டி வழிகாட்டுதலே வெளியிட்டது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மாத்திரை என் கைக்கு வந்திருக்காது.

என் அம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். ஸ்கேன் முடிவைக் கேட்டுவிட்டு அவர் பேசியது மரத்தைப் பற்றித்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வேண்டிய மரத்தை ஆசைப்பட்டுத் தினமும் வெட்டினால், முதலில் பால் நிறையத்தான் வரும். பிறகு தண்ணியாகும். ஒருநாள் பட்டை காய்ந்து, கத்தி வைத்தாலும் சொட்டாது. “அதற்கு மருந்து கிடையாது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு மரத்தைச் சும்மா விட வேண்டும்” என்றார்.

எனக்கும் மருத்துவர் சொன்னது ஏறக்குறைய அதுவே: அதிகம் சாப்பிடு, பயிற்சியைக் குறை, காத்திரு. காத்திருப்பது எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஊக்கமருந்து எதுவும் பயன்படுத்தாத ஒரு போட்டியாளரைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியான ஆய்வில், அவருக்கு மாதவிலக்கு திரும்பியது போட்டி முடிந்து 71 வாரங்கள் கழித்து. இடையில் கருத்தரிக்காது என்று நம்பிவிடவும் வேண்டாம். முதல் உதிரத்துக்கு முன்பே சினைமுட்டை வெளிவந்துவிடும்.

கணக்கு ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். 55 கிலோவில் 20 விழுக்காடு கொழுப்பு என்றால் மீதி 44 கிலோ. ஒரு நாளில் உண்ட கலோரியிலிருந்து பயிற்சியில் எரித்ததைக் கழித்து, அதை இந்த 44-ஆல் வகுக்க வேண்டும். 45 வந்தால் உடல் நிம்மதியாக இருக்கும். 30-க்குக் கீழே பெண்களின் ஹார்மோன் துடிப்பு குலைவதை 2003-இலேயே ஆய்வில் கண்டார்கள். எல்லோருக்கும் ஒரே எல்லை அல்ல, ஆனால் குறிப்புக்கு உதவும். 1,300 கலோரி உண்டு 400 எரிக்கிற என் புரட்டாசிக்காரிக்கு வந்தது இருபது. 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இந்த ஆற்றல் பற்றாக்குறைக்குத் தனிப் பெயரே வைத்து, இதயம், எலும்பு, நோய் எதிர்ப்பு, மனநிலை எல்லாவற்றையும் இது பாதிக்கும் என்று எழுதியது. “நல்ல அறிகுறி” என்று இன்றும் சொல்லும் பயிற்சியாளர்கள் அதைப் படிக்கவில்லை போலும். போன மாதம்கூட ஒருவர் என் எதிரிலேயே சொன்னார். அவர் குடித்துக்கொண்டிருந்த காப்பிக்கு நான் காசு கொடுக்கவில்லை.

மூன்று மாதம் வரவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். போட்டிக்கு உணவைக் குறைப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நீர் வெளியேற்றும் மாத்திரை

தொடாதீர்கள். பொட்டாசியம் குலைந்தால் இதயத் துடிப்பு தடம் மாறும்.

கடைசி நாளில் தண்ணீரை நிறுத்துவது

தசையின் பெரும்பகுதி தண்ணீர்தான். அதில் சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன், ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்து வைக்கிறது. தண்ணீரை நிறுத்தினால் தசை தட்டையாகும். நம் ஊர் வெக்கையில் மேடைக்குப் பின்னால் மயங்கி விழுந்த பெண்ணுக்கு நான் விசிறியிருக்கிறேன்.

மேடைக்கு மறுநாளை யோசிக்காதது

என் முதல் போட்டி தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு நடந்தது. வீட்டில் ஏழு டின் முறுக்கு, நெய்யுருண்டை, அச்சு முறுக்கு. நான்கு நாளில் இரண்டு டின்னை நான் ஒருத்தியே காலி செய்தேன், பெரும்பாலும் இரவில், சத்தம் வராமல் ஊறவைத்து ஊறவைத்து. மூன்று வாரத்தில் ஒன்பது கிலோ ஏறியது. கணுக்கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று அழுதேன். கொழுப்பு குறைந்தால் வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டினும் குறைந்துவிடும் என்பது அப்போது தெரியாது. பின்லாந்துப் போட்டியாளர்களைப் பற்றி 2017-இல் வந்த ஆய்வில், மூன்று நான்கு மாதம் மீண்டும் நன்றாகச் சாப்பிட்ட பிறகும் தைராய்டு ஹார்மோன் ஒன்று பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

இப்போது போட்டித் தேதியைக் கேட்டதும், அதற்குப் பிந்திய மூன்று மாதத்துக்கான சாப்பாட்டுத் திட்டத்தைத்தான் முதலில் எழுதுகிறேன். தீபாவளி அதற்குள் வந்தால் முறுக்கும் அதில் இருக்கும், எண்ணிக்கையோடு. புரட்டாசிக்காரி அடுத்த வருடப் போட்டிக்குத்தான் பெயர் கொடுக்கப் போகிறாள். அவள் அம்மாவிடம் நானே போய்ப் பேசினேன். பேசி முடிப்பதற்குள் இலை போட்டுவிட்டார்கள்.