ஈயின் தலைக்குள் ஒரு வளையம்: எக்செலில் மூளையின் ‘மேடு’ கட்டிப் பார்ப்போம்

முதலில் ஒரு ஈயைப் பிடிப்போம். வாழைப்பழம் கனிந்தால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, அந்தப் பழ ஈ. அதன் மூளையின் நடுவில் வளையம் மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அந்த வளையத்தை ஆப்பு ஆப்பாக 16 துண்டுகளாகப் பிரிக்கலாம். அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு வளாகத்தில் ஜோஹன்னஸ் சீலிக்கும் விவேக் ஜெயராமனும் ஈயின் தலையை அசையாமல் பொருத்தி, காலுக்கடியில் ஒரு பந்தை வைத்து நடக்கவிட்டு, மைக்ராஸ்கோப் வழியாக இந்த வளையத்தைப் பார்த்தார்கள். எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யவில்லை. ஏதோ ஓர் இடத்தில் மட்டும் செயல்பாடு குவிந்து நின்றது. ஈ திரும்பினால் அந்தக் குவியலும் வளையத்தில் சுற்றியது, ஈ எந்தத் திசையைப் பார்க்கிறது என்று காட்டுவது போல. விளக்கை அணைத்து, ஈ சும்மா நின்றபோதும் குவியல் கலையவில்லை. 2015இல் இது வெளிவந்தது.

இந்தக் குவியலைத்தான் இங்கே ‘மேடு’ என்று சொல்லப்போகிறேன். வரைபடத்தில் போட்டால் அப்படித்தான் தெரியும்: சுற்றிலும் பள்ளம், நடுவில் மேடு.

வெளிச்சம் போன பிறகும் மேடு எப்படி நிற்கிறது? இதற்கான கணக்கு, அந்த ஈயைப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தயாராக இருந்தது. 1972இல் வில்சன், கோவன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நியூரான் (நரம்பணு) கூட்டங்களுக்குச் சமன்பாடு எழுதினார்கள். 1977இல் ஜப்பானின் ஷுனிச்சி அமரி அதை இன்னும் எளிமையாக்கி, மேடு எப்போது நிற்கும், எப்போது சரியும் என்று பேனாவும் தாளுமாகவே காட்டிவிட்டார். அந்த அமரி மாதிரியின் சின்ன வடிவத்தைத்தான் இப்போது கட்டப்போகிறோம். புரோகிராமிங் தெரிய வேண்டாம். எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் போதும். கூட்டல், கழித்தல், பெருக்கலைத் தாண்டி எதுவும் வராது.

படி 1: விதியை மனதில் வாங்குதல்

16 நியூரான்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அதை ‘அளவு’ என்போம். அளவு 0ஐத் தாண்டினால் நியூரான் எரிகிறது, இல்லாவிட்டால் அணைந்திருக்கிறது. யாரும் தொந்தரவு செய்யாதபோது அளவு −1.

எரியும் நியூரான் மற்றவற்றைச் சும்மா விடாது. பக்கத்து வீட்டோடு ஒட்டு, தூரத்து வீட்டோடு வெட்டு. எண்ணில் சொன்னால்:

- தனக்குத் தானே: +3
- அடுத்த நியூரானுக்கு: +2
- அதற்கடுத்ததற்கு: −1
- அதற்கும் அப்பால் எல்லாவற்றுக்கும்: −2

இதை வரைந்தால் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்து தெரியும். இந்தத் துறைக்காரர்கள் மெக்சிகன் தொப்பி என்பார்கள். இந்த நான்கு எண்களும் ஈயின் மூளையில் அளந்தவை அல்ல, கணக்கு சுலபமாக வருவதற்காக நான் தேர்ந்தவை. அசல் மூளையில் தூண்டும் நியூரான் வேறு, அடக்கும் நியூரான் வேறு. இங்கே இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடைத்துவிட்டோம்.

சரி, ஒரு நியூரான் எந்த எண்ணை நோக்கிப் போகிறது? அதை ‘இலக்கு’ என்போம்.

இலக்கு = −1 + வெளித்தூண்டல் + எரியும் எல்லா நியூரான்களிலிருந்தும் வரும் எண்களின் கூட்டல்

நியூரான் ஒரே தாவலில் இலக்கை அடையாது. ஒவ்வொரு நேரப்படியிலும் மீதித் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு நகரும்.

புது அளவு = பழைய அளவு + 0.2 × (இலக்கு − பழைய அளவு)

மாதிரி மொத்தமும் இந்த இரண்டு வரிதான்.

படி 2: இணைப்பு அட்டவணை

புது ஃபைலில் நான்கு ஷீட் திறந்து இணைப்பு, தூண்டல், அளவு, எரிதல் என்று பெயர் வையுங்கள். நான்கிலும் முதல் வரிசையும் முதல் நெடுவரிசையும் தலைப்புக்கு.

இணைப்பு ஷீட்டில் 16க்கு 16 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த இரண்டு நியூரான்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பார்த்து 3, 2, −1, −2இல் ஒன்று வர வேண்டும். இந்த நான்கையும் ஓரமாகத் தனிக் கட்டங்களில் எழுதி, இஃப் (IF) ஃபார்முலா வழியாக எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றி விளையாட அதுதான் வசதி.

தூரம் கணக்கிடும்போது கொஞ்சம் கவனம். இது வளையம். 16க்கும் 1க்கும் தூரம் 15 இல்லை, 1. அதனால் இரண்டு எண்களின் வித்தியாசத்தை எடுத்து, அதையும் 16இலிருந்து அதைக் கழித்ததையும் ஒப்பிட்டு, எது சிறியதோ அதை வையுங்கள்.

நான் முதல் தடவை வெறும் வித்தியாசத்தை மட்டும் போட்டேன். 8ஆம் நியூரானைத் தூண்டிப் பார்த்தேன், எல்லாம் அழகாக வந்தது. அப்புறம் 1ஐத் தூண்டினால் 1உம் 2உம் மட்டும் எரிந்தன, 16 இருட்டாகவே இருந்தது. எரிதல் ஷீட்டில் தப்பு, நேரப்படியில் தப்பு என்று அரை நாள் தேடினேன். தப்பு அட்டவணையின் மூலையில் இருந்தது. உங்களுக்கு அந்த அரை நாள் வேண்டாம். ஒவ்வொரு வரிசையையும் கூட்டிப் பாருங்கள். 3 + (2×2) + (2×−1) + (11×−2), அதாவது −17. பதினாறு வரிசையிலும் −17 வந்தால் வளையம் மூடியிருக்கிறது. என் முதல் அட்டவணையில் முதல் வரிசை −22 காட்டியது. கூட்டிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

படி 3: நேரத்தை ஓட்டுதல்

மற்ற மூன்று ஷீட்டிலும் நியூரான்கள் மேலிருந்து கீழே, நேரம் இடமிருந்து வலம். 120 நெடுவரிசை எடுத்துக்கொள்ளுங்கள்.

தூண்டல் ஷீட் முழுக்க 0 நிரப்புங்கள். அளவு ஷீட்டில் முதல் நேரத்துக்கு மட்டும் எல்லாம் −1. எரிதல் ஷீட்டில், அளவு ஷீட்டின் அதே கட்டம் 0ஐவிடப் பெரிதென்றால் 1, இல்லையென்றால் 0.

இனி அளவு ஷீட்டின் இரண்டாம் நேரம், முதல் நியூரான். மேலே எழுதிய இரண்டு வரியை ஒரே ஃபார்முலாவாக இங்கே எழுத வேண்டும். பழைய அளவு இடப்பக்கக் கட்டம். வெளித்தூண்டல், தூண்டல் ஷீட்டின் முந்தைய நேரக் கட்டம். கூட்டலுக்கு எம்மல்ட் (MMULT) என்ற ஃபங்ஷன் இருக்கிறது. இணைப்பு ஷீட்டில் இந்த நியூரானுக்குரிய வரிசையையும், எரிதல் ஷீட்டில் முந்தைய நேரத்தின் நெடுவரிசையையும் அதற்குள் கொடுத்தால், பெருக்கிக் கூட்டி ஒரே எண்ணாகத் தரும்.

டாலர் குறியை மறந்தால் எல்லாம் குழம்பும். இணைப்பு வரிசைக்கு நெடுவரிசை எழுத்தின் முன்னால் டாலர், எரிதல் நெடுவரிசைக்கு வரிசை எண்ணின் முன்னால் டாலர். பிறகு அந்தக் கட்டத்தைப் பிடித்துக் கீழே இழுங்கள், அப்புறம் வலப்பக்கம் கடைசி வரை இழுங்கள்.

எல்லா இடத்திலும் −1 தெரிகிறதா? அதுதான் சரி. தூங்கும் மூளை. எரிதல் ஷீட்டுக்குக் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போட்டு 1 இருக்கும் இடத்தில் நல்ல ஆரஞ்சு நிறம் வையுங்கள்.

படி 4: முதல் தட்டு

தூண்டல் ஷீட்டில் 8ஆம் நியூரானுக்கு, 1 முதல் 10 வரையிலான நேரங்களில் 3 என்று நிரப்புங்கள். அளவு ஷீட்டுக்கு வாருங்கள்.

8ஆம் நியூரானின் இலக்கு இப்போது −1 + 3 = 2. இரண்டாம் நேரத்தில் அதன் அளவு −0.4. மூன்றாம் நேரத்தில் 0.08. எரிந்துவிட்டது! எரிந்ததும் தனக்குத் தானே 3 சேர்த்துக்கொள்வதால் இலக்கு 5க்குப் போகிறது, அடுத்த அளவு 1.064. இதற்குள் 7க்கும் 9க்கும் +2 கிடைத்து அவற்றின் இலக்கு 1 ஆகிவிட்டது. −0.6, −0.28, −0.024 என்று ஏறி, ஏழாம் நேரத்தில் 0.1808. மூன்றும் எரிகின்றன. 6உம் 10உம் எரியவில்லை. அவற்றுக்குப் பக்கத்திலிருந்து +2 வந்தாலும், தள்ளி இருப்பவற்றிலிருந்து −1உம் −2உம் வந்து விழுகின்றன.

பத்தாம் நேரத்தோடு தூண்டல் நின்றுவிட்டது. ஆரஞ்சுப் பட்டை அணையவில்லை. 40ஆம் நேரத்தைப் பாருங்கள்: நடுவில் கிட்டத்தட்ட 6, இரு பக்கமும் 3, அதற்கப்பால் −2, பிறகு −6, மீதி எல்லாம் −7. ஈ இருட்டில் செய்ததை உங்கள் ஷீட் செய்கிறது. இந்த எண்களில் தூண்டலின் 3 எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள் (இரு பக்கமும் தெரியும் 3 வேறு: −1 + 3 + 2 − 1). எங்கே என்பதைத் தூண்டல் சொன்னது. எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்பதை இணைப்பு அட்டவணை முடிவு செய்தது.

தூண்டலைக் குறைத்துப் பாருங்கள். 3க்குப் பதில் 0.9 என்றால் எத்தனை நேரம் கொடுத்தாலும் பயனில்லை, இலக்கு −0.1ஐத் தாண்டாது. 3ஐயே ஒரே ஒரு நேரம் கொடுத்தால் −0.4 வரை வந்து திரும்பிவிடும். இரண்டு நேரம் கொடுத்தால் போதும், மேடு கட்டிக்கொள்ளும்.

படி 5: மேடு இருக்கும்போது இன்னோர் இடத்தைத் தட்டினால்?

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 2017இல் ஜனேலியாவில் ஈயின் வளையத்திலேயே இதைச் செய்து பார்த்தார்கள். ஒளியால் தூண்டக்கூடியபடி மரபணு மாற்றிய நியூரான்களில், மேடு இல்லாத இடத்தில் ஒளி பாய்ச்சினார்கள். போதுமான வலு இருந்தபோது அங்கே புது மேடு எழுந்தது, பழையது மறைந்தது. இரண்டும் சேர்ந்து நிற்கவில்லை.

நம் வளையத்தில் மேடு 7, 8, 9இல் இருக்கிறது. நேர் எதிரே 15, 16, 1. இந்த மூன்றுக்கும் 41 முதல் 60 வரை 5 கொடுங்கள். ஒன்றும் நடக்காது. 6 கொடுங்கள். அப்போதும் ஒன்றும் இல்லை. தூங்கும் வளையத்தில் 1ஐக் கொஞ்சம் தாண்டினாலே எழுந்துவிடும் அதே நியூரான்கள்தான் இவை. இப்போது அவை −7இல் அழுத்திவைக்கப்பட்டிருக்கின்றன.

8 கொடுங்கள். இலக்கு 1 ஆகிறது. பத்துப் படி ஏறி மூன்றும் ஒன்றாக எரியும். எரிந்தவுடன் பழைய மேட்டின் ஒவ்வொரு நியூரானுக்கும் மூன்று −2, ஆக −6. ஓரத்தில் இருக்கும் 7, 9இன் இலக்கு 3 − 6 = −3. அவை நாலு படியில் அணைகின்றன. துணை போன பிறகு 8இன் இலக்கு −4. இன்னும் மூன்று படியில் அதுவும் போய்விடும். எரிதல் ஷீட்டில் பார்த்தால் ஒரு பட்டை முடிகிற இடத்தில் இரண்டும் கொஞ்ச நேரம் சேர்ந்து தெரியும், அவ்வளவுதான்.

இதையே பக்கத்தில் செய்தால் கதை வேறு. 41 முதல் 60 வரை இருக்கும் தூண்டலை அழித்துவிட்டு, அதே நேரங்களில் 10க்கும் 11க்கும் 5 கொடுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒன்றும் செய்யாத அதே 5. முதலில் 10 எரியும், அது கைகொடுத்து 11ஐ எரியவைக்கும். ஐந்து நியூரான் எரியும்போது கடைக்கோடி 7இன் இலக்கு −1 ஆகி, அது அணைந்துவிடும். மேடு குதிக்கவில்லை, நகர்ந்தது. தூண்டலை எடுத்த பிறகும் 8 முதல் 11 வரை நிற்கும்.

அகலம் 3லிருந்து 4 ஆகிவிட்டதே என்று கேட்பீர்கள். கட்டங்கள் பெரிதாக இருப்பதால் வரும் கோளாறு இது. ஒன்றுக்கு மேற்பட்ட அகலங்கள் சிக்கிக்கொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. அமரியின் மாதிரியில் நியூரான்கள் இடைவெளியின்றித் தொடராக இருக்கும், அங்கே இந்தச் சிக்கல் வராது. 16க்குப் பதில் 160 எடுத்து, எண்களைப் பத்தில் ஒரு பங்காக்கி, தூரங்களைப் பத்து மடங்காக்கினால் நீங்களே பார்க்கலாம். ஷீட் கொஞ்சம் திணறும்.

படி 6: கெடுத்துப் பார்த்தல்

மேட்டை அழிக்க வேண்டுமா? எல்லா நியூரானுக்கும் 15 நேரங்கள் −5 கொடுங்கள். முதலில் ஓரங்கள் அணையும், பிறகு நடு.

கடைசியாக, இணைப்பு ஷீட்டின் ஓரத்தில் எழுதிவைத்த −1ஐயும் −2ஐயும் 0 ஆக்குங்கள். படி 4இன் அதே சின்னத் தட்டு மட்டும் இருக்கட்டும். 8 எரியும், 7உம் 9உம் எரியும், பிறகு 6, 10, பிறகு 5, 11. நாலு படிக்கு ஒரு வீடு என்று தீ இரு பக்கமும் பரவி, வளையத்தின் மறுபுறத்தில் 16இல் வந்து சந்திக்கும். பதினாறு நியூரான்களும் 6ஐ நோக்கி ஏறி அங்கேயே நின்றுவிடும். ஷீட் முழுக்க ஆரஞ்சு. இதில் ஈக்கு எந்தத் திசை என்று கேட்டால் பதில் கிடைக்காது.