களையை அமுக்கும் தக்கைப்பூண்டு

நெல் நடவுக்கு இரண்டு மாதம் முன்பே உழுது, பச்சையாகவே மண்ணில் மடக்கி உழும் உரப்பயிரான தக்கைப்பூண்டின் விதையை ஏக்கருக்கு 20 கிலோ தூவி, லேசாகப் பரம்படித்து (பலகையால் மண்ணைச் சமன்செய்து) தண்ணீர் விடுங்கள். விதையில் கஞ்சத்தனம் வேண்டாம். சந்து விட்டு முளைத்தால் வெயில் தரைக்கு இறங்கும், களைதான் முந்தும். நெருக்கமாக நின்றால் ஒரு மாதத்துக்குள் தரை மூடிவிடும்; அடியில் முளைக்கும் களை நிழலில் வெளிறிப் போகும்.

கோரை மட்டும் இதற்கு மசியாது. நிழலில் வளர்ச்சி குன்றுமே தவிர, கிழங்கு சாகாது. கோடையிலேயே உழுது, கிழங்கைப் புரட்டி வெயிலில் காயவிட்ட பிறகு விதைப்பதுதான் சரி.

45-ஆம் நாள் வாக்கில், பூவெடுக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். தாமதித்தால் தண்டு நாரேறி, டிராக்டரின் சுழல் கலப்பையான ரோட்டவேட்டரில் சுற்றும், மட்கவும் நாளாகும். காய் முற்றி விதை உதிர்ந்தாலோ, அடுத்த போகத்துக்குத் தக்கைப்பூண்டே களை! மடக்கிய வயலில் தண்ணீர் நிறுத்தி, பத்து நாள் கழித்து நடலாம்.